சக்கரம் வைத்த வீடுகளும் ஒரு பாலைவனச் சாலையும்

ஆர்.வி. என்ற வண்டியை ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒரு வீட்டையே தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்தது போல! கோடை விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்கக் குடும்பங்கள் பல இந்த வண்டியில் ஏறி மேற்கே கிளம்பிவிடும். அரிசோனாவையும் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தையும் கடந்து போகும் பழைய 'ரூட் 66' நெடுஞ்சாலை அவர்களுக்கு ரொம்பப் பிடித்த பாதை.

இந்தச் சாலையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. 1930களிலும் இதே சாலையில் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் போயிருக்கின்றன. ஆனால் அவர்கள் உல்லாசப் பயணிகள் இல்லை. திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள். அவர்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒட்டகம் நடந்த பாதை

முதலில் ஒரு சுவையான செய்தி. 1857இல் எட்வர்ட் பீல் என்பவர் அமெரிக்க அரசுக்காக இந்தப் பகுதியில் வண்டிப்பாதை ஒன்றை அமைத்தார். அந்தப் பயணத்தில் அவர் கூட்டிச் சென்றது ஒட்டகங்களை! ராணுவம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்த ஒட்டகங்கள் அவை. பிறகு 1883இல் ரயில் வந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே? அதற்காகப் பாலைவனத்தில் வரிசையாக நிலையங்கள் அமைத்தார்கள். அவற்றுக்கு ஆங்கில அகரவரிசையிலேயே பெயர் வைத்தார்கள்: ஆம்பாய், பிரிஸ்டல், காடிஸ், டான்பி, எசெக்ஸ், ஃபென்னர், காஃப்ஸ்...

1926இல் ரூட் 66 அறிவிக்கப்பட்டபோது அதுவும் இங்கே ரயில் பாதையை ஒட்டியே வந்தது. சிகாகோவில் தொடங்கி 8 மாநிலங்கள் வழியாக சுமார் 3,900 கி.மீ. ஓடிப் பசிபிக் கடற்கரைப் பக்கம் முடிந்த சாலை இது. முழுவதும் தார், கான்கிரீட் போட்டு முடிக்க 1938 ஆகிவிட்டது.

மண் பறந்த காலம்

1930களில் ஓக்லஹோமா, டெக்சாஸ், கன்சாஸ் பகுதிகளில் மழை பொய்த்தது. புல்வெளியை உழுது கோதுமை போட்டிருந்த நிலம் காய்ந்து, மேல்மண் காற்றில் பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புழுதிப்புயல் பட்டப்பகலை இருட்டாக்கியது. அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். இன்னொரு பக்கம் பருத்தி விலை விழுந்தது. டிராக்டர் வந்ததும் குத்தகைக்காரர்களை நிலத்தை விட்டு அனுப்பினார்கள். கலிபோர்னியா தோட்டங்களில் பழம் பறிக்கும் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு லட்சக்கணக்கானோர் கிளம்பினார்கள். மெத்தை, பாத்திரம், குழந்தை குட்டி எல்லாம் ஒரே பழைய காரில்!

அந்தப் பயணத்தின் கடைசிச் சோதனைதான் மொஹாவி. நீடில்ஸ் ஊரிலிருந்து பார்ஸ்டோ வரை சுமார் 240 கி.மீ. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ரேடியேட்டர் கொதித்துவிடும் என்று பலர் பகலில் ஓய்வெடுத்து ராத்திரியில் வண்டி ஓட்டினார்கள். காரின் முன்பக்கம் கித்தான் தண்ணீர்ப் பை தொங்கும். துணி வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். நம் மண்பானைத் தத்துவமேதான்! தண்ணீரையே காசுக்கு விற்ற அந்தப் பாதையில், எசெக்ஸில் மட்டும் வாகன ஓட்டிகள் சங்கம் ஒன்று வெட்டிய கிணற்றில் இலவசமாகத் தண்ணீர் கிடைத்தது.

எல்லையில் போலீஸ்

வெயிலைத் தாண்டி வந்தால் போதுமா? 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தன் நகரத்துப் போலீசார் 136 பேரை மாநில எல்லையின் 16 இடங்களுக்கு அனுப்பினார். கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் வேலை. ஒரு நகரத்துப் போலீசுக்கு எங்கோ இருக்கும் எல்லையில் என்ன அதிகாரம் என்று எதிர்ப்பு கிளம்பியது. சில வாரங்களில் அந்தக் காவல் விலக்கப்பட்டது.

ஆனால் ஏழைகளைத் தெரிந்தே மாநிலத்துக்குள் அழைத்து வருவது குற்றம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் இருந்தது. ஃபிரெட் எட்வர்ட்ஸ் என்பவர் டெக்சாஸுக்குப் போய், வேலையில்லாத தன் மச்சான் ஃபிராங்க் டங்கனைக் காரில் அழைத்து வந்தார். 1940 ஜனவரியில் நெவாடா வழியாக அவர்கள் உள்ளே வந்தார்கள். அதற்காக எட்வர்ட்ஸுக்கு 6 மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள். மச்சானை வீட்டுக்கு அழைத்து வந்தது குற்றமாம்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1941 நவம்பர் 24 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். ஏழை என்பதற்காக ஒருவரை மாநில எல்லையில் தடுக்க முடியாது என்பது அன்று உறுதியானது.

எல்லோருக்கும் திறந்த சாலையா?

போருக்குப் பிறகு விடுமுறைப் பயணம் பெருகியது. ஆனால் கறுப்பினக் குடும்பங்களுக்கு மோட்டல்கள் பலவற்றில் இடம் கிடையாது. சில ஊர்களில் இருட்டிய பிறகு அவர்கள் இருக்கவே கூடாது. நியூயார்க் தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன், அவர்களை ஏற்கும் விடுதி, உணவகங்களைத் தொகுத்து 1936 முதல் 'கிரீன் புக்' என்ற கையேட்டை வெளியிட்டார். அவர் 1960இல் இறந்த பிறகும் 1960களின் நடுப்பகுதி வரை அது வெளிவந்தது. விடுதிகளில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் வந்தது 1964இல்தான்.

1966இல் அயோவா மாநிலத்தின் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது. நடுத்தரக் குடும்பங்களும் வீட்டோடு ஊர் சுற்றலாம் என்றானது. 1973இல் புதிய விரைவுச்சாலை ஆம்பாயை ஒதுக்கிவிட்டுப் போனது. கூட்டம் ஒரேயடியாகக் குறைந்தது. 1985இல் ரூட் 66 அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. இன்று அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பழைய நினைவைத் தேடிப் போகிறவர்கள்தான்.

ஏசி போட்ட ஆர்.வி.யில் அமர்ந்து, ஆம்பாயின் பழைய பெயர்ப்பலகை முன் படம் எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. வாய்ப்பு கிடைத்தால் நானும் எடுப்பேன்! ஆனால் வண்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பும்போது அந்தக் கித்தான் பையும், எல்லையைத் தடையில்லாமல் தாண்டும்போது எட்வர்ட்ஸின் மச்சானும் ஒரு நிமிடம் நினைவுக்கு வந்தால் நல்லது. பிழைக்கப் போகிறவரையும் ஊர் சுற்றப் போகிறவரையும் ஒரே மாதிரி விட வேண்டும் என்பதை, அந்தச் சாலை நிறையப் பேரைக் கஷ்டப்படுத்திய பிறகுதான் கற்றுக்கொண்டது.