குடி

வீடு, வீட்டார், மரபு, ஒரு நாட்டின் மக்கள். பழந்தமிழ் முதல் இத்தனையும் ‘குடி’க்குள் அடங்கும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அது இன்னும் நுட்பமானது: தாய்வழி வரும் மரபு. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் கலியாணமில்லை. கோயில் திருவிழா குடிவாரியாகப் பகிரப்படும். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் பொறுப்பும் அப்படித்தான். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து காத்த அருமையான ஏற்பாடு இது.

தேசிய அரசு வந்தபோது இதே வேரிலிருந்து குடிமகன், குடியுரிமை, குடியரசு என்று சொற்கள் கிளைத்தன. ஆனால் இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்புவழி உரிமையைத் தந்தையைக் கொண்டே கணித்தது. தாயைக் கேட்டுக் குடி சொல்லும் ஊரிலும் அரசு தந்தையின் பிறப்பிடத்தையே கேட்டது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவரானது அச்சட்டத்தால்தான். தாய்வழியிலும் உரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘குடியேற்றம்’ இங்கே இன்னும் கனத்த சொல். பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வயலும் மின்சாரமும் தந்தது. கூடவே, குடியேற்றங்களால் மட்டக்களப்பு மாவட்டத்தின் இன விகிதத்தையும் மாற்றியது. 1956இல் அங்கே இனக்கலவரம் மூண்டது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது.