நாடாவிலிருந்து சந்தா வரை: திரைப்படத்தைச் சேமித்துவைக்கும் உரிமையின் வரலாறு

ஸ்ட்ரீமிங் முறையில் இணையம் வழியே வரும் திரைப்படத்தைக் கைப்பேசியிலோ கணினியிலோ சேமித்துவைத்து, இணைப்பு இல்லாத நேரத்தில் பார்ப்பதைச் சட்டம் ஏற்கிறதா என்னும் கேள்வி புதிய கருவிகளோடு பிறந்ததுபோலத் தோன்றினாலும், அதன் வேர் 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு வழக்கில் இருக்கிறது. அன்று முதல் இன்று ஓடிடி செயலிகளில் காணப்படும் பதிவிறக்கப் பொத்தான் வரையிலான ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், தன் வீட்டில் தனக்காகப் பிரதி எடுப்பவருக்குச் சட்டம் தந்த இசைவு பெரும்பாலும் திரும்பப் பெறப்படவில்லை. ஆனால் அந்த இசைவைப் பயன்படுத்தக்கூடிய வழிகளைத் தொழில்நுட்பப் பூட்டும் பயன்பாட்டு ஒப்பந்தமும் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சோனி நிறுவனம் 1975இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பீட்டாமேக்ஸ், தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒளிநாடாவில் பதிந்து பிறகு பார்க்க உதவிய கருவியாகும். இக்கருவி பதிப்புரிமை மீறலுக்குத் துணைபோகிறது என்று கூறி யுனிவர்சல் ஸ்டூடியோவும் வால்ட் டிஸ்னியும் 1976 நவம்பரில் வழக்குத் தொடுத்தன. 1979இல் விசாரணை நீதிமன்றம் சோனிக்குச் சாதகமாகவும், 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டூடியோக்களுக்குச் சாதகமாகவும் தீர்ப்பளித்தன. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் மிகக் குறுகிய பெரும்பான்மையில் சோனியின் பக்கம் நின்றது. நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்க்க இயலாதவர் அதே நிகழ்ச்சியைப் பதிந்துவைத்து வேறொரு நேரத்தில் பார்ப்பது ‘நியாயமான பயன்பாடு’ என்றது. அதாவது, உரிமையாளரின் அனுமதி இல்லாவிட்டாலும் சட்டம் பொறுத்துக்கொள்ளும் பயன்பாடு. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற பிரெட் ராஜர்ஸ், குடும்பங்கள் தம் நிகழ்ச்சியைப் பதிந்து பார்ப்பதில் தமக்கு எந்த மறுப்பும் இல்லை என்று அளித்த சாட்சியமும் தீர்ப்பில் இடம்பெற்றது.

வீட்டுப் பதிவுக்குக் கிடைத்த முழு விடுதலையாகவே இத்தீர்ப்பு பரவலாகப் பேசப்படுகிறது; அதன் எல்லைகள் அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. நீதிமன்றம் எடைபோட்டது இலவசமாக வான்வழி வந்த ஒளிபரப்பை. அதுவும் ஒருமுறை பார்த்து அழிப்பதற்காகப் பதிவதை. நாடாக்களைச் சேர்த்து வீட்டில் நூலகம்போல் வைத்துக்கொள்வதும், காசு கொடுத்துப் பார்க்கும் சேவையிலிருந்து பிரதி எடுப்பதும் அந்தத் தீர்ப்பின் மையத்தில் இல்லை. ஸ்ட்ரீமிங் குறித்த இன்றைய கேள்வியோ பெரும்பாலும் இவ்விரண்டையும் சார்ந்தது.

அதே ஆண்டில் இந்தியா வேறொரு கவலையில் இருந்தது. இங்கே சட்டமியற்றியவர்களை வருத்தியது வீட்டில் பதிவோர் அல்லர். திருட்டு வீடியோ கேசட்டுகளின் சந்தை. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமை மீறலுக்கான குறைந்தபட்சத் தண்டனையை ஆறு மாதச் சிறை என்றும், உச்சத் தண்டனையை மூன்று ஆண்டு என்றும் வகுத்ததோடு, வீடியோ கேசட்டுகளில் தணிக்கைச் சான்றிதழின் நகலும் தயாரிப்பாளர், பதிப்புரிமையாளர் விவரங்களும் இருக்க வேண்டும் என்றது. கேபிள் வழியே வீடுகளுக்குப் படம் காட்டியவர்களும் விரைவிலேயே இந்த வளையத்துக்குள் வந்தனர். வீட்டுக்குள் அமர்ந்து பார்த்தாலும் சந்தாதாரர்கள் ‘பொதுமக்களே’ என்று 1989இல் கார்வேர் பிளாஸ்டிக்ஸ் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் கூறியது. வணிகமாகப் பரப்புபவர் வேறு, தனக்காக வைத்திருப்பவர் வேறு என்னும் பிரிவு இந்தியச் சட்டத்தில் அப்போதே கோடிடப்பட்டுவிட்டது எனலாம்.

நாடா போய் டிவிடி வந்தபோது நிலைமை அடியோடு மாறியது. ஒவ்வொரு நாடாப் பிரதியும் மூலத்தைவிட மங்கலாக இருந்ததால், பிரதியெடுப்புக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருந்தது. எண்மப் பிரதிக்கு அந்த எல்லை இல்லை. எனவே டிவிடிகள் 40 பிட் நீளமுள்ள திறவுகோலைக் கொண்ட சிஎஸ்எஸ் என்னும் குறியாக்கப் பூட்டோடு வெளியிடப்பட்டன. குறியாக்கம் என்பது உரிய திறவுகோல் இன்றிப் படிக்க முடியாதபடி தரவைக் கலைத்துவைக்கும் முறை. உலக அறிவுசார் சொத்து அமைப்பு 1996 டிசம்பரில் உருவாக்கிய பதிப்புரிமை ஒப்பந்தம் இத்தகைய பூட்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்குமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. அமெரிக்கா அதை 1998 அக்டோபரில் டிஎம்சிஏ என்று அழைக்கப்படும் சட்டமாக்கியது. பூட்டை ஊடுருவிப் படத்தை அணுகுவதும் ஊடுருவும் கருவியை விற்பதும் தடைசெய்யப்பட்டன. பிரதி எடுப்பதை மட்டுமே தடுக்கும் பூட்டைத் தனிநபர் தனக்காக உடைப்பதை அச்சட்டம் நேரடியாகத் தடைசெய்யவில்லை என்பது உண்மை. நியாயமான பயன்பாட்டுக்கு விட்டுவைக்கப்பட்ட சிறு சந்து அது. ஆனால் பிற்காலப் பூட்டுகள் அணுகலையும் பிரதியெடுப்பையும் ஒன்றாகவே தடுத்ததாலும், உடைக்கும் கருவியை விற்க எவருக்கும் அனுமதி இல்லாததாலும், அச்சந்து ஏட்டோடு நின்றுபோனது.

ஸ்ட்ரீமிங்கைச் சேமித்தல் பற்றிய தொடக்ககால வழக்குகளுள் முதன்மையானது இச்சட்டத்தின்கீழேயே எழுந்தது. சியாட்டிலைச் சேர்ந்த ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் வழங்கியிலிருந்து ஒலியும் ஒளியும் பெற, பார்வையாளரின் கணினியில் ரியல்பிளேயர் இருக்க வேண்டும். இரண்டும் தமக்குள் ஓர் இரகசிய அடையாளச் சோதனையை நடத்திய பிறகே தரவு வரும். கூடவே, பிரதி எடுக்கலாமா கூடாதா என்று உரிமையாளர் முன்கூட்டியே குறித்துவைக்கும் ஒரு சுவிட்சும் கோப்பில் இருந்தது. ஸ்ட்ரீம்பாக்ஸ் என்னும் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள், தானே ரியல்பிளேயர் என்பதுபோல் அந்தச் சோதனையைத் தாண்டி, சுவிட்சைப் பொருட்படுத்தாமல் கோப்பைச் சேமித்தது. அம்மென்பொருளுக்கு, ஒளிநாடாப் பதிவுக் கருவியைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து ‘ஸ்ட்ரீம்பாக்ஸ் விசிஆர்’ என்று பெயரிட்டதிலேயே சோனி தீர்ப்பின் நிழலில் ஒதுங்கும் எண்ணம் தெரிகிறது. 2000 ஜனவரி 18 அன்று, அதாவது சோனி தீர்ப்புக்குச் சரியாகப் பதினாறு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, கூட்டரசு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து இடைக்காலத் தடை விதித்தது. சோனி வழக்கில் நிகழ்ச்சி உரிமையாளர் பலர் பதிவை எதிர்க்கவில்லை; இங்கோ உரிமையாளர்கள் பிரதியைத் தடுக்கவென்றே இந்த வழங்கியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பது நீதிமன்றம் கண்ட வேறுபாடு. பார்வையாளர் என்ன செய்தார் என்பதிலிருந்து உரிமையாளர் எதைப் பூட்டினார் என்பதற்குச் சட்டத்தின் பார்வை நகர்ந்த இடம் இதுவே.

2010க்குப் பிறகு பரவிய தொழில்நுட்பம் அந்தப் பூட்டை மேலும் நுட்பமாக்கியது. இன்று ஒரு படம் ஒரே கோப்பாக அனுப்பப்படுவதில்லை. ஆப்பிள் 2009இல் அறிமுகப்படுத்திய ஹெச்எல்எஸ், 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளியான டாஷ் ஆகிய முறைகளில் அது சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, இணைய வேகத்துக்கேற்ற தரத்தில் அடுத்தடுத்து வந்துசேர்கிறது. துண்டுகள் குறியாக்கப்பட்டிருக்கும், திறவுகோல் தனியே ஓர் உரிம வழங்கியிலிருந்து வரும். கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்ட்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே ஆகியவை இப்பணியைச் செய்யும் எண்ம உரிமை மேலாண்மை அமைப்புகள். வைட்வைனின் உயர்நிலையில் திறவுகோலும் படமும் கருவியின் பாதுகாக்கப்பட்ட வன்பொருள் பகுதியிலேயே கையாளப்படுவதால், திரையைப் பதிய முயல்பவருக்குப் பெரும்பாலும் கறுப்புத் திரையே கிடைக்கும். மென்பொருளை மட்டும் நம்பும் கீழ்நிலையில் பெரிய தளங்கள் பொதுவாகக் குறைந்த தரப் படத்தையே அனுப்புகின்றன. ஆக, பூட்டை மீறிச் சேமிப்பவர் சட்டச் சிக்கலை ஏற்பதோடு, பெரும்பாலும் தரம் குறைந்த பிரதியோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது.

உலாவிகளுக்குள்ளேயே இத்தகைய பூட்டுகளுக்கு இடம் தரும் தரநிலையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017 செப்டம்பரில் ஏற்றபோது, எண்ம உரிமைகளுக்காக இயங்கும் எலெக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் அதை எதிர்த்து அச்சேர்த்தியத்திலிருந்து விலகியது. அந்த எதிர்ப்பால் நடைமுறையில் எதுவும் மாறவில்லை.

பூட்டு உறுதியான பிறகே நிறுவனங்கள் பதிவிறக்கத்தைத் தாமாக வழங்கத் துணிந்தன என்பது கவனிக்கத்தக்கது. இவ்வரலாற்றில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. இணைப்பு விட்டு விட்டு வந்த சந்தைகளை மனத்தில் கொண்டு யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் ஆஃப்லைன் வசதியைத் தொடங்கியது. சேமித்த காணொளி 48 மணி நேரம் மட்டுமே நிலைக்கும். 2015இல் அமேசான் தன் சந்தாதாரர்களுக்கு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் கருவிகளில் பதிவிறக்கத்தைத் திறந்துவிட்டது. 2016 ஜனவரியில் இந்தியா உள்ளிட்ட 130 புதிய நாடுகளுக்கு விரிந்த நெட்ஃபிளிக்ஸ், அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று அவ்வழியைப் பின்பற்றியது. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்னர்தான் ஜியோ மலிவுத் தரவோடு வந்து, சேமித்துப் பார்க்கும் தேவையையே இந்தியாவில் ஓரளவு குறைத்திருந்தது என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இவ்வாறு சேமிக்கப்படும் கோப்பு செயலிக்குள்ளேயே குறியாக்கப்பட்டுக் கிடக்கும். அதோடு காலவரம்புள்ள ஓர் உரிமமும் கருவியில் வைக்கப்படும். காலம் முடிந்தாலோ, சந்தா நின்றாலோ, தளத்துக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தாலோ, கோப்பு இருந்தும் படம் ஓடாது. நெட்ஃபிளிக்ஸ் 2024இல் தன் விண்டோஸ் செயலியைப் புதுப்பித்தபோது பதிவிறக்க வசதியையே எடுத்துவிட்டது. பயனர் பெறுவது பிரதி அன்று. தவணைக்குத் தரப்படும் பார்வை அனுமதி.

இந்தியச் சட்டத்தின் சொற்களோ இதைவிடத் தாராளமானவை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், படத்தை எந்த ஊடகத்திலும் மின்னணு முறையில் ‘சேமித்தல்’ என்பதையும் உரிமையாளரின் தனியுரிமையாகப் பிரிவு 14இல் சேர்த்தது. அதே கையோடு பிரிவு 52(1)(அ)வில், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகை மீறல் ஆகாது என்னும் விலக்கைக் கணினி நிரல் தவிர்த்த எல்லாப் படைப்புகளுக்கும் விரித்து, அந்நோக்கத்துக்காக மின்னணு ஊடகத்தில் சேமிப்பதும் மீறல் ஆகாது என்று ஒரு விளக்கத்தையும் இணைத்தது. பூட்டை உடைப்பதைத் தண்டிக்கும் பிரிவு 65அ, இரண்டு ஆண்டு வரை சிறை என்று மிரட்டினாலும், பதிப்புரிமையை ‘மீறும் நோக்கத்தோடு’ உடைப்பவரையே குறிவைக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்துக்காக உடைப்பதை விலக்குகிறது. அதற்குத் துணைசெய்பவர் உடைப்பவரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்னும் விசித்திரமான நிபந்தனையும் அதில் உண்டு. இவ்விரு பிரிவுகளையும் சேர்த்து வாசித்தால், முறையான சந்தாதாரர் தனக்காக மட்டும் ஒரு படத்தைச் சேமிப்பதைக் குற்றம் என்று சொல்வது கடினம். ஆனால் ‘நியாயமான’ என்னும் அடைமொழி நீதிபதியின் கையில் இருக்கிறது. தளத்தின் பயன்பாட்டு நிபந்தனையை மீறியதற்காகக் கணக்கு முடக்கப்படுவதை இந்த விலக்கு தடுக்காது.

இந்த விலக்கு யாருக்கு என்பதை இசை நிறுவனமான டிப்ஸ் தொடுத்த டிப்ஸ் – வின்க் வழக்கு தெளிவாக்கியது. வின்க் மியூசிக் செயலி, பாடல்களைச் சேமித்து ஆஃப்லைனில் கேட்கும் வசதியைத் தன் வாடிக்கையாளரின் தனிப்பட்ட பயன்பாடு என்று வாதிட்டது. மும்பை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அதை நிராகரித்து, கட்டணம் வாங்கும் நிறுவனம் வாடிக்கையாளரின் விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்றும், அது செய்வது விற்பனை அல்லது வணிக வாடகை என்றும் கூறியது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அந்த முடிவை உறுதிசெய்தது. வழக்கு பாடல்களைப் பற்றியதாயினும், விற்கவும் வணிக வாடகைக்கு விடவும் உள்ள உரிமை திரைப்படத்துக்கும் அதே சொற்களில் வரையறுக்கப்பட்டிருப்பதால், ஓடிடி தளங்கள் பதிவிறக்க உரிமையைத் தனியே பேசி வாங்க வேண்டியிருப்பதன் காரணம் இத்தீர்ப்பில் விளங்குகிறது.

பிரிட்டனின் அனுபவம் ஒரு மாற்று வழியைக் காட்டி, அதன் எல்லையையும் காட்டுகிறது. 2014 அக்டோபரில் அந்நாடு தனிப் பயன்பாட்டுப் பிரதிக்கு விலக்கு அளித்தபோது, அவ்வுரிமையைப் பறிக்கும் ஒப்பந்த விதி எதுவும் செல்லாது என்றும் சேர்த்து எழுதியது. ஆனால் வாடகைக்கு எடுத்த பிரதியும் ஸ்ட்ரீமிங்கில் வந்த பிரதியும் அந்த விலக்கில் சேரா என்று அதே விதி சொன்னது. இசைக் கலைஞர்களின் அமைப்புகள் தொடுத்த வழக்கில், உரிமையாளருக்கு இழப்பீடு வேண்டாம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் விதியையே இரத்து செய்தது. ஜெர்மனி 1965 முதலே பதிவுக் கருவிகளின்மீது ஒரு கட்டணம் விதித்து, அதைப் படைப்பாளிகளுக்குப் பகிர்ந்து இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றுவருகிறது.

சேமித்த படத்தைப் பிறருக்கு அனுப்பும் கணத்தில் தனிப்பட்ட பயன்பாடு என்னும் தகுதி முடிந்துபோகிறது. அங்கே ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரையிலான சிறையைக் கூறும் இந்தியச் சட்டத்தின் பிரிவு 63 எதிர்ப்படுகிறது. தனக்காக மட்டும் சேமிப்பவருக்கு நாடாளுமன்றம் 2012இல் வழங்கிய விலக்கோ, எந்தத் தளத்தின் நிபந்தனையாலும் செல்லாக்காசாகும் நிலையில் இருக்கிறது. பிரிட்டன் எழுதி இழந்த, ஒப்பந்தத்தால் பறிக்க முடியாத உரிமை என்னும் வாசகத்தை, காசு கொடுத்து நிரந்தரமாக ‘வாங்கிய’ படங்களுக்கேனும் பிரிவு 52இல் சேர்ப்பது குறித்து அடுத்த திருத்தத்தில் நாடாளுமன்றம் முடிவெடுக்க வேண்டும்.