கடவோம், வேண்டும், மஸ்ட்: ஒரு கல்வெட்டுச் சொல்லின் கதை

போன வாரம் ஆங்கில வகுப்பில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று பத்து வாக்கியங்கள் கொடுத்தார்கள். மஸ்ட், ஹேவ் டு, ஷுட், ஆட் டு, நீட் டு என்று ஐந்து சொற்கள். எந்த இடத்தில் எது வரும் என்று நாம் எழுத வேண்டும். எனக்குப் பத்துக்கு நான்கு. பக்கத்தில் இருந்த நண்பனுக்கு மூன்று. "எல்லாத்துக்கும் தமிழ்ல 'வேண்டும்'தானே, இவங்க மட்டும் ஏன் இத்தனை வச்சிருக்காங்க?" என்றான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போய், எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்து நின்றேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியது அல்ல. கிரேக்க மொழி பேசுகிறவர்களும் ஆங்கிலம் படிக்கும்போது இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்கள் மொழியில் 'ப்ரெபி' என்று ஒரு சொல் இருக்கிறது. நான் போக வேண்டும், நீ போக வேண்டும், அவர்கள் போக வேண்டும் எல்லாவற்றுக்கும் அதே 'ப்ரெபி'தான். யார் என்பதற்கு ஏற்ப அது மாறாது. பழைய கிரேக்கத்தில் அதற்குத் 'தகும், பொருந்தும்' என்று பொருள். தகுந்தது என்பது மெல்ல மெல்லக் கட்டாயம் ஆகிவிட்டது.

நம் 'வேண்டும்' கதையும் கிட்டத்தட்ட இதுதான். வேண்டுதல் என்றால் விரும்புதல், கேட்டல். கோயிலில் வேண்டிக்கொள்கிறோம் அல்லவா, அதே வேண்டுதல். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்றால் ஆசை. 'நான் ஊருக்குப் போக வேண்டும்' என்றால் ஆசையாகவும் இருக்கலாம், கட்டாயமாகவும் இருக்கலாம். சொல்கிறவர் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். எதிர்மறையிலும் அப்படியே. 'நீ வர வேண்டாம்' என்றால் வரத் தேவையில்லை என்றும் கொள்ளலாம், வராதே என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு. அதை மாற்றி எழுதியதால்தான் எனக்கு இரண்டு மதிப்பெண் போனது.

சரி, தமிழில் எப்போதுமே இப்படி ஒரே சொல்தானா? இல்லை. இங்கேதான் கல்வெட்டுகள் வருகின்றன.

கடவோம்

கங்கைகொண்ட சோழபுரத்தை முதலாம் இராசேந்திரன் (1014–1044) தன் தலைநகராக அமைத்தான். கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக ஊருக்கு அந்தப் பெயர். சோழகங்கம் என்று அவன் வெட்டிய ஏரியை இன்று பொன்னேரி என்கிறோம். அரண்மனை இருந்த இடம் இப்போது மாளிகைமேடு. மிச்சம் இருப்பதில் பெரியது கோயில்தான். 2004-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

சோழர் காலக் கோயில் சுவர்களில் புகழ்பாட்டு மட்டும் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பெரும்பகுதி ஒப்பந்தங்கள். இவ்வளவு காசு வாங்கிக்கொண்டோம், இவ்வளவு நிலம் பெற்றோம், அதற்கு ஈடாக இதைச் செய்வோம் என்ற உறுதிமொழிகள். அந்த வாக்கியங்கள் வந்து முடியும் சொல்தான் 'கடவோம்'. 'விளக்கு எரிக்கக் கடவோம்', 'நெல் அளக்கக் கடவோமாகவும்' என்ற அமைப்பில் வரும்.

கடன், கடமை, கடவோம் எல்லாம் ஒரே குடும்பம். நிலவரிக்கு இராசராசன் காலத்துப் பெயர் 'காணிக்கடன்'. பின்னாளில் 'கடமை' என்ற சொல்லே வரியின் பெயராக வழங்கியது. அதாவது, ஒன்றைச் செய்தாக வேண்டும் என்பதை நம் முன்னோர் 'நான் அதற்குக் கடன்பட்டிருக்கிறேன்' என்று சொன்னார்கள். ஆச்சரியம் என்னவென்றால் ஆங்கிலமும் இதைத்தான் செய்திருக்கிறது. 'ஆட்' என்பது கடன்படுதலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். 'ஷேல்', 'ஷுட்' இரண்டும் பழைய ஆங்கிலத்தில் கடன்படுதலைக் குறித்த வினையிலிருந்து வந்தவை. இரண்டு மொழிகளும் ஒன்றை ஒன்று பார்க்காமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

பெறுவதாகவும்

அனுமதிக்குச் சோழர் ஆவணங்களில் வேறு சொல் உண்டு: 'பெறு'. ஊரைத் தானமாகப் பெற்றவர்கள் சுட்ட செங்கல்லால் மாளிகை 'எடுக்கப் பெறுவதாகவும்', கிணறு 'இழிக்கப் பெறுவதாகவும்' என்று எழுதுவார்கள். செய்யலாம் என்று பொருள். 'பெறாததாகவும்' என்றால் தடை. ஆக, கடவ என்றால் கட்டாயம், பெறு என்றால் அனுமதி, பெறாது என்றால் விலக்கு. இன்றைய சட்டப் புத்தகம் போலத் தெளிவாக மூன்று பெட்டிகள். (ஆங்கில 'மஸ்ட்' பழைய காலத்தில் 'அனுமதி உண்டு' என்ற பொருள் கொண்ட வினையிலிருந்து பிறந்து, பின்னர் கட்டாயமாக மாறியது என்பது கூடுதல் செய்தி.)

இப்போது முக்கியமான விஷயம். 'கடவோம்' என்ற சொல்லின் கடைசியில் இருக்கும் 'ஓம்' யாரைக் குறிக்கிறது? நாங்கள். கடவேன் என்றால் நான். கடவாய் என்றால் நீ. கடவர் என்றால் அவர்கள். யார் கடன்பட்டவர் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது மட்டுமல்ல, 'சபையோம்', 'ஊரோம்' என்று பெயரோடும் அந்த 'ஓம்' சேர்ந்து வரும். சபையாகிய நாங்கள் என்று முன்னால் வந்து நின்று கையெழுத்துப் போடுகிற மாதிரி.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டை வாங்கியவர் பெயர் மட்டுமல்ல, அவருக்காகப் பொறுப்பேற்கும் உறவினர் பெயர்களும் அங்கே கல்லில் இருக்கின்றன. இப்படி விடப்பட்ட ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்லும். சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகும், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. கடன் சாகக் கூடாது. எதுவரை? சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

நிறைவேறாத ஒரு வாக்குறுதி

சந்திரன் இருக்கிறது, சூரியன் இருக்கிறது. கடன் என்ன ஆயிற்று?

ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகிறவர்கள் அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடப்பார்கள். அங்கே இருப்பது கீழணை, 1836-ல் ஆங்கிலேயர் கட்டியது. அதற்குக் கல் தேவைப்பட்டபோது பக்கத்தில் கிடைத்தது கங்கைகொண்ட சோழபுரம். கோயிலின் சுற்றுமதிலைப் பெரும்பாலும் இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். 1855-ல் ஒரு வெளியீட்டில் வந்த குறிப்பை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி தம் 'சோழர்கள்' நூலில் எடுத்துக்காட்டுகிறார். அதன் சாரம் இதுதான்: ஊர் ஏழைகள் தங்களால் முடிந்தவரை தடுத்தார்கள், பலன் இல்லை, தண்டனைதான் கிடைத்தது. இடித்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு நிறைவேற்றப்படவே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மதில் போனதை விட அந்த வாக்குறுதிதான் உறுத்தியது. 'கடவோம்' என்று கல்லில் எழுதும் வழக்கம் இருந்த ஒரு மண்ணில், 'மதில் கட்டப்படும்' என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டப்படும் என்றால் யாரால்? அந்த வினைக்கு ஆள் இல்லை.

கீழணையை நான் குறை சொல்லவில்லை. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. அந்த வீராணத்திலிருந்துதான் 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னையில் குழாயைத் திறக்கிற யாரும் எங்கள் ஊர்க் கோயில் மதிலுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான்!

இன்று கடவாய் எங்கே?

'கடவ' முழுதாகச் செத்துவிடவில்லை. பழைய கிரயப் பத்திரங்களில் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ளக் கடவீராகவும்' என்று வரும். பழைய தமிழ் விவிலியத்தில் 'உண்டாகக்கடவது' உண்டு. மற்றபடி, முனிவர் கமண்டலத் தண்ணீரைத் தெளித்து 'நீ கல்லாகக் கடவாய்' என்று சபிக்கும் புராணப் படங்களில் மட்டும் கேட்கிறோம். கவனித்தீர்களா? 'கடவோம்' என்று தன்னைக் கட்டிக்கொள்ளப் பயன்பட்ட சொல், இப்போது அடுத்தவரைச் சபிக்க மட்டும் பயன்படுகிறது.

அதன் இடத்துக்கு வந்த 'வேண்டும்' ஆளுக்கு ஏற்ப மாறாது. 'புராதனச் சின்னங்களைப் பாதுகாக்க வேண்டும்' என்கிறோம். யார்? வாக்கியம் சொல்லவில்லை. 1976-ல் அரசியலமைப்பில் சேர்ந்த 51அ பிரிவு, நம் பண்பாட்டுப் பாரம்பரியத்தைப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. அங்கே 'ஒவ்வொரு குடிமகனின்' என்று ஆளைச் சொல்லியிருக்கிறார்கள். சிற்பத்தில் பெயர் கிறுக்குகிறவரும் அந்த 'ஒவ்வொரு'வில் அடக்கம், அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிற நானும் அடக்கம்.

நண்பனின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆங்கிலத்தில் ஐந்து சொல் இருப்பது அவர்கள் பெருமையும் அல்ல, நமக்கு ஒன்று இருப்பது நம் குறையும் அல்ல. நம்மிடமும் பல இருந்தன, சிலவற்றைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். தேர்வுக்கு மஸ்ட், ஹேவ் டு படித்துத்தான் ஆக வேண்டும். கோயிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'காக்க வேண்டும்' என்று நிறுத்தாமல், பழையபடி ஒருமுறை சொல்லிப் பார்ப்போமே:

காக்கக் கடவோம்.