மண்ணுக்குள் குடியிருந்த ஊர்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், வடமேற்குப் பக்கம், நிக்கோடெமஸ் என்றொரு ஊர் இருக்கிறது. மேயர் கிடையாது, நகரசபை கிடையாது. அரசுக் கணக்கில் அது நகரமே அல்ல. குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற நிலை. ஆனால் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் தங்களுக்கென்று உருவாக்கிக்கொண்ட ஊர் அது.

1865-இல் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது. கென்டக்கி மாநிலத்தில் விடுதலையானவர்களுக்கு நிலம் மட்டும் கிடைக்கவில்லை. சவுக்கடி பட்ட வயலிலேயே கூலிக்கும் வாரத்துக்கும் நின்றார்கள். மேற்கே போனால் நிலைமை வேறு. 1862-இல் வந்த குடியேற்றச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தமாகும். 1877 ஏப்ரலில் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையரும், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் இன்னும் சிலருமாகச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, ஊருக்கு மனை போட்டார்கள். மனை 5 டாலர். வளமான பூமி என்று துண்டறிக்கைகள் பேசின.

அதை நம்பி, அந்த செப்டம்பரில் சுமார் முந்நூறு பேர் கென்டக்கியிலிருந்து கிளம்பினார்கள். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயில். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டியிலும் கால்நடையாகவும் வந்தார்கள். வந்து பார்த்தால் எங்கும் புல்வெளி. வீடு கட்ட மரமில்லை. உழ ஏர் இல்லை, இழுக்க மாடில்லை. குளிர்காலமோ வாசலில் நிற்கிறது. சரிவான மேட்டைக் குடைந்து, மேலே கிளையும் புல்கட்டியும் பரப்பி, அதற்குள் குடிபுகுந்தார்கள். கோபத்தில் பலர் திரும்பிப் போனார்கள்.

1878 வசந்தத்தில் வந்த அடுத்த கூட்டத்தில் வில்லியானா ஹிக்மன் இருந்தார். எல்லிஸில் தட்டம்மை கண்டு பிள்ளைகள் சிலரைப் பறிகொடுத்துவிட்டு வந்த கூட்டம் அது. "இதோ ஊர்" என்று ஆண்கள் கை காட்டியபோது அவர் கண்ணுக்கு ஒரு வீடும் தெரியவில்லை. தரையிலிருந்து புகை மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழுதவர் திரும்பிப் போகவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஊர் பிறந்தது கம்பெனி பதிவான நாளில் அல்ல. இப்படிப்பட்டவர்கள் தங்கிவிடுவது என்று முடிவெடுத்தபோதுதான்.

முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவைப் பகிர்ந்ததாக ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஏரில்லாதவர்கள் மண்வெட்டியால் கொத்தியே புல்தரையைப் புரட்டினார்கள். எத்தனை கை காய்த்திருக்கும்! பத்து ஆண்டுக்குள் பள்ளி, தேவாலயங்கள், ஹோட்டல், வங்கி, இரண்டு செய்தித்தாள்கள் வந்துவிட்டன. அங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப், 1882-இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார்.

அடுத்து ரயில் வர வேண்டும். பாதை தங்கள் ஊர் வழியாக வருவதற்கு 16,000 டாலர் கடன் பத்திரம் தரவும் 1887-இல் வாக்களித்தார்கள். வரவில்லை. 1888-இல் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி தண்டவாளம் போட்டார்கள். கடைக்காரர்கள் அந்தப் பக்கம் பெயர்ந்தார்கள். அங்கே போக் என்ற ஊர் எழுந்தது. ரயில் ஒதுக்கிய எத்தனையோ ஊர்கள் அந்தச் சமவெளியில் தடமில்லாமல் போயின. இங்கே நிலம் உழுபவர் பெயரில் இருந்தது, அதனால் விவசாயிகள் நகரவில்லை.

1953-இல் தபால் நிலையமும் மூடப்பட்டது. 1996-இல் அமெரிக்க அரசு நிக்கோடெமஸைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. இப்போதும் ஜூலைக் கடைசி வாரத்தில், பல மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் வம்சாவளியினர் விடுதலை நாள் கொண்டாட அங்கே வந்து கூடுகிறார்கள்.