கான்கிரீட்டில் ஒரு சமையல் மேடை

கான்கிரீட் என்றதும் பாலம், தூண், மாடி என்றுதான் நினைப்பு ஓடும். அதைச் சமையலறை மேடையாக, அதுவும் பளபளவென்று, வீட்டுக் கார் ஷெட்டிலேயே வார்த்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் பரவி சுமார் நாற்பது வருடம்தான் ஆகிறது. ஆனால் ஆசை பழையது. 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் தன் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது வைத்த பெயரே போர்ட்லேண்ட். இறுகினால் போர்ட்லேண்ட் கல் மாதிரி இருக்குமாம்! கல்லுக்குப் போலி என்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட பொருள் இது.

அதை வீட்டுக்குள் துணிந்து கொண்டுவந்தவர்களில் ஹென்றி மெர்சர் ஒரு விசித்திர மனிதர். சட்டம் படித்தவர், தொல்பொருள் ஆய்வாளர், ஓடு தயாரிப்பாளர். கட்டடக்கலை மட்டும் படிக்கவில்லை. பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுனில் 1908 முதல் 1912 வரை ஃபோன்ட்ஹில் என்ற 44 அறை மாளிகையைக் கான்கிரீட்டிலேயே எழுப்பினார். பயிற்சி இல்லாத சில கூலியாட்களும் லூசி என்ற குதிரையும்தான் அவருடைய படை. மேஜை, புத்தக அலமாரி கூடச் சுவரோடு சேர்த்து வார்க்கப்பட்டவை. மாளிகை இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது.

சமையல் மேடைக்கு வந்தால், முக்கியமான பெயர் ஃபூ டுங் செங். கலிபோர்னியாவின் பெர்க்லியில் வடிவமைப்பாளர். 1985-ல் தன் முதல் கான்கிரீட் மேடையைச் செய்தார். அதே காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் பட்டி ரோட்ஸ் என்ற மட்பாண்டக் கலைஞர், கலவையைக் கையால் அழுத்தி, விழும் குழிகளில் வேறு நிறச் சாந்தை நிரப்பி, கல்லில் ஓடும் நரம்பு போல ஒரு தோற்றம் கொண்டுவந்தார். 2002-ல் செங்கின் புத்தகம் வெளிவந்தது. தொழில் ரகசியம் பொதுச் சொத்தானது அதற்குப் பிறகுதான்.

முறையில் ஒரு வேடிக்கை உண்டு. மேடையைத் தலைகீழாக வார்க்கிறார்கள். வழவழப்பான மெலமைன் பலகையில் பெட்டி அடித்து, மூலைகளில் சிலிக்கான் பசை தடவி, கம்பி வலை வைத்து, தண்ணீர் குறைத்த கலவையை ஊற்றி, பெட்டியை அதிர வைப்பார்கள். அதிராவிட்டால் காற்றுக் குமிழிகள் தங்கி முகமெல்லாம் அம்மைத் தழும்பு! சில நாள் ஈரம் காயாமல் மூடி வைத்து, பிறகு புரட்ட வேண்டும். ஒன்றரை அங்குல கனத்துக்குச் சதுர அடிக்கு எட்டு கிலோ எடை. புரட்டும்போதுதான் பல மேடைகள் உடைகின்றன. பின் வைரத் துகள் பதித்த வட்டுகளால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது, ஊசித்துளைகளைச் சிமெண்ட் பாலால் அடைப்பது, மறுபடி தேய்ப்பது. நம்மூரில் மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

கான்கிரீட்டின் எதிரி எலுமிச்சம்பழம். சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடைப் புளிப்பு கரைத்துவிடும். உள்ளே ஊறும் சீலர் எண்ணெய்க் கறையைத் தடுக்கும், புளிப்பைத் தடுக்காது. மேலே படலமாகப் படியும் சீலர் புளிப்பைத் தடுக்கும், ஆனால் கத்திக் கீறலும் சுடு பாத்திரமும் அதற்கு ஆகாது. சிலர் இந்தத் தழும்புகளை அழகு என்கிறார்கள். ரசமும் புளிக்குழம்பும் வைக்கிற வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது.

கணக்கும் விநோதம்தான். சிமெண்ட், மணல், ஜல்லி எல்லாம் மலிவு, ஆனால் ஆள் வைத்துச் செய்தால் கிரானைட் விலையை எட்டிவிடும். விலை முழுக்கக் கூலி. வீட்டில் செய்பவர் மிச்சம் பிடிப்பது அந்தக் கூலியைத்தான், அதாவது தன் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடுகிறார்.

எழுதாமல் விடும் இன்னொன்று நுரையீரல். மணலிலும் ஜல்லியிலும் சிலிகா இருக்கிறது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கும், போன நுரையீரல் திரும்பாது. 2016-ல் அமெரிக்க அரசு, வேலையிடக் காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் சிலிகாவுக்கு மேல் கூடாது என்று விதி போட்டது. சிலிகா மிகுந்த செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் தடையே செய்தது, அவற்றை அறுத்த தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் வந்த பிறகு. ஆனால் அமெரிக்க விதி முதலாளிகளுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் முகமூடி இல்லாமல், தண்ணீர் விட்டால் சேறாகுமே என்று உலர்வாகவே தேய்க்கிற குடும்பத் தலைவரை எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை.