வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடம்

தமிழில் பெண்கல்வி பற்றி எழுதுகிறவர்கள் வேதநாயகம் பிள்ளையிலிருந்து தொடங்குவது வழக்கம். 1869இல் பெண்மதி மாலை, 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம். புத்தகத்திலிருந்து தொடங்குவது இலக்கியவாதிகளாகிய நமக்குச் சௌகரியம். படிக்கத் தெரிந்த பெண் எங்கிருந்து வந்தாள் என்று கேட்பதில்லை. முண்டியம்பாக்கத்துக்காரனான எனக்கு, பதிலில் ஒரு பகுதி பக்கத்துப் புதுச்சேரியில் இருப்பதாகப் படுகிறது.

குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் 1827இல் அங்கே வந்து பெண்களுக்குப் பள்ளி வைத்தார்கள். அது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளையர் பகுதியில். அங்கே படித்தது பிரெஞ்சு. வாய்க்காலுக்கு மேற்கே இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. (யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824லேயே தமிழ்ப் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியிருந்தது. ஆகவே 'முதல்' என்ற பட்டத்துக்கு இங்கே சண்டை வேண்டாம்.)

1844இல் போனான் ஆண்டகை கூட்டிய புதுச்சேரி சங்கத்தில் பெண்கல்விப் பேச்சு எழுந்தது. லூயி சவினியேன் துப்புயி என்ற பாதிரியார் காரியத்தில் இறங்கினார். எழுத்தும் வாசிப்பும் தாசிகளுக்கு உரியவை, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று ஊர் நம்பிய காலம். ஆண் வாத்தியாரிடம் யார் பெண்ணை அனுப்புவார்கள்? அதனால் கற்பிக்கிறவர்களும் பெண்களாகவே, உள்ளூர்த் தமிழ்ப் பெண்களாகவே இருக்கவேண்டியதாயிற்று. அதே வருஷம் அக்டோபரில் மரியாயின் மாசற்ற இருதய சபை அவர்களைக் கொண்டு உண்டாயிற்று. சம்பளத்துக்கும் புருஷனுக்கும் வெளியே தமிழ்ப் பெண் ஒருத்தி 'வாத்தியார்' ஆவதென்பது சின்ன விஷயமல்ல. பாங்குக் கவுண்டரில் கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் உள்ள தூரத்தைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

துப்புயி மூசேயுடன் சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்தவர். முதல் பாகம் 1855இல் மிஷன் அச்சகத்தில் வெளியானது. நம் ஆராய்ச்சியாளர்களுக்கு அகராதி தெரிகிறது, பள்ளி தெரிவதில்லை.

பள்ளியைப் புகழ்கிற சபை வரலாறுகளோ வேறொன்றை விட்டுவிடுகின்றன. சம்பா கோவிலுக்குள் பறையர்களைத் தனியே நிறுத்திய சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745லேயே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நூறு வருஷம் கழித்தும் புதுச்சேரி மிஷன் சாதியோடு இணங்கித்தான் நடந்தது. குடும்பப் பெண் என்ற சொல்லே யார் வீட்டுப் பெண் என்பதையும் சொல்லிவிடுகிறது. 1848இல் புனேயில் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாயும் ஜோதிராவும் 1850களின் தொடக்கத்திலேயே மகார், மாங் குழந்தைகளுக்கும் பள்ளி வைத்துவிட்டார்கள். துப்புயியை நான் அவர்களுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறேன்.