தங்கவயலில் பாறையைத் தாங்கிய சுவர்கள்

ஆழமாகத் தோண்டினால் பக்கச்சுவர் எவ்வளவு நகரும், அதைத் தாங்க எத்தகைய அமைப்பு வேண்டும் என்பதை இன்று கணினி மாதிரிகள் முன்கூட்டியே கணித்துவிடுகின்றன. அம்மாதிரிகள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோலார் தங்கவயலில் இவ்வினா உயிர்ப் பிரச்சினையாக எழுந்துவிட்டது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு கால்பதித்தது. காலப்போக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. 3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின்மீதும் 8,000 டன்னுக்கும் மேற்பட்ட பாறை அழுத்துகிறது. தாது அகற்றப்பட்ட வெற்றிடம் அச்சுமையை ஏற்க இயலாது. அது சுற்றியுள்ள பாறையிலும், எஞ்சிய தூண்களிலும் குவியும். தாங்கும் எல்லை மீறப்பட்டால் பாறை வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அந்நாளில் அழைக்கப்பட்டது இதுவே.

தொடக்கத்தில் மரக்கட்டைகளே முட்டுக்கொடுத்தன. மரம் நசுங்கும், அது நசுங்க நசுங்கப் பாறைச்சுவர்கள் நெருங்கிவரும். தீயபாயமும் உண்டு. ஆகவே செதுக்கிய கருங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பும் முறை வந்தது. பாறை சிறிதளவு நகர்ந்தவுடனேயே கல் பேரளவில் எதிர்விசை காட்டும் என்பதே அதன் சிறப்பு. பின்னர் கான்கிரீட்டும் பயன்பட்டது. எனினும் வெடிப்புகள் முற்றிலும் நிற்கவில்லை.

1912இல் இங்கு நிலநடுக்கமானி நிறுவப்பட்டது. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு நுண்ணதிர்வுக் கண்காணிப்பு வலையமைப்பு உருவாயிற்று. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றியது. அணைகள், நீர்மின் நிலையங்களின் நிலத்தடி அறைகள் ஆகியவற்றுக்கான கணினி மாதிரிகளை அந்நிறுவனம் இன்றும் உருவாக்கிவருகிறது.

கணினி மாதிரி தானாக உண்மையாகிவிடாது. பாறை எங்கு, எப்போது, எவ்வளவு சுமையில் உடைந்தது என்னும் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் அதனைத் திருத்த இயலும். தங்கவயலில் அத்தகைய பதிவு பலவற்றின் பின்னால் ஓர் உயிரிழப்பு இருக்கிறது. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களே, பெரும்பாலும் தலித்துகள், அக்கடும் வெப்பத்தில் உழைத்து அச்சுரங்கங்களை இயக்கினர்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழத்து வழிகளை நீர் நிரப்பியது. இந்தியப் பாறை இயக்கவியலின் வரலாறு கருவிகளையும் நிறுவனங்களையும் மட்டும் பட்டியலிட்டால் அது பாதி வரலாறே. அந்த அறிவுக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களும் அதில் இடம்பெற்றாக வேண்டும்.